புதிய மண்ணில் பிழைப்பு: அகதிகள் மறுவாழ்வில் வேலைவாய்ப்பு

பெங்களூரிலிருந்து ஒசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் கர்நாடகத்தின் எல்லையூர் அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைத் தாண்டினால் தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. வடக்கே சந்தாபுரா, பொம்மசந்திரா, ஜிகணி எனத் தொழிற்பேட்டைகள் நீண்டு செல்கின்றன. தெற்கே ஒசூரின் சிப்காட் வளாகங்கள் உள்ளன. அத்திபெலேக்கென்றே தனியாகவும் ஒரு தொழிற்பேட்டை உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு கேழ்வரகு விளைந்த நிலங்களில் இன்று பட்டறைகளும், சரக்குக் கிடங்குகளும், அடுக்குமாடிக் குடியிருப்புகளும் எழுந்துள்ளன. கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசப்பட்ட சந்தையில் இப்போது இந்தியும் ஒரியாவும் அசாமிய மொழியும் கேட்கின்றன. வேலை இருக்கும் இடத்தை நோக்கி ஆட்கள் வருவது இயல்பு.

இந்த வட்டாரத்தில் கொத்தனார், தச்சர், வர்ணம் பூசுவோர், சுமை தூக்குவோர், இயந்திரம் இயக்குவோர் ஆகியோருக்கு வேலைக்குக் குறைவில்லை. 2,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் தொழிலாளி ஒருவர் காலையில் இரயிலை விட்டு இறங்கி மாலைக்குள் வேலையில் சேர்ந்துவிடலாம். அவர் எத்தனை மாதம் தங்குவார், எப்போது ஊர் திரும்புவார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் இந்நாட்டின் குடிமகன். நாட்டின் எப்பகுதியிலும் வசிக்கவும் தொழில் செய்யவும் அரசியலமைப்பு அவருக்கு உரிமை வழங்கியிருக்கிறது.

ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி நீர்த்தேக்கத்தின் அருகே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உள்ளது. தமிழ்நாட்டு முகாம்களில் வாழும் ஆண்களில் மிகப் பலர் வர்ணம் பூசும் தொழிலைச் செய்பவர்கள். சுவரைச் சுரண்டி, பட்டி இட்டு, இரண்டு பூச்சு முடிக்கும் வேலையில் அவர்களுக்கு நல்ல பெயர் உண்டு. இத்தகைய ஒருவருக்கு அத்திபெலேயில் எழும் கட்டடம் தூரமானதன்று. இருப்பினும் அங்கே மாதக்கணக்கில் தங்கி வேலை செய்வதென்றால், முகாமில் ஆள் தணிக்கை எப்போது, உதவித்தொகை வழங்கும் நாள் எது, மாநில எல்லைக்கு அப்பால் தங்க யாரிடம் அனுமதி கேட்பது என்று அவர் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஒப்பந்ததாரருக்கும் இது தெரியும். தெரிந்தவர் அதற்கேற்பவே கூலி பேசுகிறார்.

அகதிகளுக்கான வேலைவாய்ப்பு உதவி குறித்து ஆராய்வோர் பெரும்பாலும் பயிற்சி, கடன், மானியம் ஆகியவற்றையே கணக்கிடுகின்றனர். வேலையைத் தேடிச் செல்லவும், கிடைத்த வேலைக்கு விலை பேசவும், ஒவ்வாத வேலையை விட்டு விலகவும் அந்த மனிதருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இந்தியாவில் 1947 முதல் மேற்கொள்ளப்பட்ட பல மறுவாழ்வுத் திட்டங்களின் வெற்றி தோல்விகளை இந்தக் கேள்வியைக் கொண்டு நோக்கினால் சில உண்மைகள் தெளிவாகின்றன.

பிரிவினைக் காலத்துப் பாடம்

நாட்டுப் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புற மாகாணத்திலிருந்தும் வந்தவர்களுக்காகக் குருட்சேத்திரத்தில் பெரும் முகாம் அமைக்கப்பட்டது. இலவச உணவில் நெடுங்காலம் இருப்பது மனிதரைச் செயலற்றவராக்கும் என்பதை அங்கே கண்டவர்களுள் எஸ்.கே. டே ஒருவர். டெல்லி–அம்பாலா சாலையில் சதுப்பாகக் கிடந்த நிலத்தில் 1948ல் நீலோக்கேரி என்ற சிறு நகரம் அவருடைய முயற்சியால் உருவாயிற்று. தொழிற்பயிற்சி நிலையம், பட்டறைகள், கூட்டுறவு அங்காடி, பால் பண்ணை ஆகியவற்றை அகதிகளே கட்டி, அகதிகளே நடத்தினர். சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு நீலோக்கேரி ஒரு முன்மாதிரியாயிற்று. டே பின்னர் அத்துறையின் மத்திய அமைச்சரும் ஆனார். பரீதாபாத்திலும் எல்லைப்புற மாகாண அகதிகள் தங்கள் வீடுகளைத் தாங்களே கட்டி, அதற்குக் கூலியும் பெற்றனர். இன்று அது பெரும் தொழில் நகரம்.

இதற்கு நேர் எதிரான அனுபவம் தண்டகாரண்யத்தில் கிடைத்தது. கிழக்கு வங்கத்தின் ஆற்றுப் படுகைகளில் நெல் பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்த மக்களை, 1958ல் தொடங்கிய திட்டத்தின் கீழ், ஒரிசா–மத்தியப் பிரதேச மேட்டு நிலங்களில் குடியேற்றினர். நிலம் கொடுக்கப்பட்டது, வீடும் கொடுக்கப்பட்டது. தண்ணீரையே வாழ்வாகக் கொண்டவர்களுக்கு வானம் பார்த்த செம்மண்ணில் செய்யத் தெரிந்தது எதுவும் இல்லை. 1978ல் ஆயிரக்கணக்கானோர் அங்கிருந்து வெளியேறிச் சுந்தரவனத்தின் மரிச்சாப்பி தீவை நோக்கிச் சென்றனர். அதன் முடிவு துயரமானது.

பைலகுப்பேயின் மக்காச்சோளம்

அத்திபெலே இருக்கும் அதே கர்நாடகத்தில், அன்றைய மைசூர் மாநிலத்தில், நாட்டின் மிகப் பெரிய அகதிக் குடியேற்றங்களுள் ஒன்று உருவாயிற்று. 1959ல் தலாய் லாமாவைத் தொடர்ந்து ஏறத்தாழ 80,000 திபெத்தியர்கள் இந்தியாவுக்கு வந்தனர். தொடக்கத்தில் அவர்களுள் பலர் இமயமலைப் பகுதிகளில் சாலை அமைக்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். குளிரும் மண்சரிவும் நோயும் கொண்ட அந்த வேலை நிலையான வாழ்வாக முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. மைசூர் மாநிலம் பைலகுப்பேயில் சுமார் 3,000 ஏக்கர் காட்டு நிலத்தை அளிக்க முன்வந்தது. 1960களின் தொடக்கத்தில் முதல் குழுவினர் அங்கே வந்து சேர்ந்தனர். பின்னர் முண்டகோடு, உன்சூர், கொள்ளேகால் பகுதிகளிலும் குடியேற்றங்கள் அமைந்தன.

பனிமலையில் யாக்கு மேய்த்தவரையும், வாற்கோதுமை விதைத்தவரையும், துறவியையும், சிறு வணிகரையும் தென்னிந்தியக் காட்டில் கொண்டு வந்து விட்டது தண்டகாரண்யத்தில் செய்த அதே தவறு அல்லவா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. தொடக்க ஆண்டுகளில் வெப்பத்தாலும் நோயாலும் பலர் மடிந்தனர். காட்டு யானைகள் பயிரையும் குடிசைகளையும் அழித்தன. எனினும் குடியேற்றம் நிலைத்தது. அதற்கான காரணங்களை மறுவாழ்வுத் துறையினர் ஊன்றி நோக்க வேண்டும்.

முதலாவதாக, காட்டைத் திருத்தும் வேலைக்கே நாள்கூலி வழங்கப்பட்டது. விளைச்சல் வரும்வரை கையில் காசு இருந்தது. இரண்டாவதாக, நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததோடு அரசு விலகிக்கொள்ளவில்லை. கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. உழுவதற்கு டிராக்டர்களும், அவற்றைப் பழுது பார்க்கப் பட்டறையும், மாவு ஆலையும் அச்சங்கத்தின் பொறுப்பில் வந்தன. விளைந்த மக்காச்சோளத்தைத் தனித்தனியே வியாபாரியிடம் விற்று ஏமாறாமல் சங்கத்தின் மூலம் விற்க வழி ஏற்பட்டது. திபெத்தியப் பெண்கள் தங்கள் நாட்டு முறைப்படி கம்பளம் நெய்யும் நிலையமும் தொடங்கப்பட்டது. புதிய மண்ணில் பழைய கைத்திறனுக்கும் ஓர் இடம் கிடைத்தது.

மூன்றாவது காரணம் எந்தத் திட்ட அறிக்கையிலும் முன்கூட்டி எழுதப்படாத ஒன்று. மானாவாரி மக்காச்சோள அறுவடை முடிந்ததும் குளிர்காலத்தில் நிலத்தில் வேலை இல்லை. அந்த மாதங்களில் திபெத்தியர்கள் பஞ்சாபின் லூதியானாவிலிருந்து கம்பளி ஆடைகளைக் கடனுக்கு வாங்கி, நாடெங்கும் உள்ள நகரங்களின் நடைபாதைகளில் கடை விரித்தனர். பெங்களூர் மக்களுக்கும் இக்கடைகள் பழகியவை. பருவம் முடிந்ததும் விற்ற பணத்திலிருந்து கடனை அடைத்துவிட்டு மீண்டும் வயலுக்குத் திரும்பினர். பல குடும்பங்களில் வயலைவிட இந்த வணிகமே கூடுதல் வருவாய் ஈட்டித் தந்தது. இது எப்படி இயன்றது? பதிவுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, உரிய அறிவிப்புடன், அவர்களால் நகரம் நகரமாகச் செல்ல முடிந்தது. கடன் கொடுத்த லூதியானா மொத்த வியாபாரிக்கு அவர்களுடைய சமூகம் முழுவதுமே பிணையாக இருந்தது. ஊருக்குள் கட்டிப்போட்டிருந்தால் இந்த வணிகம் தோன்றியே இராது.

குறைகள் இல்லாமலில்லை. நிலம் குத்தகை நிலமே. உரிமை அரசிடமே இருந்தது. மக்கள்தொகை பெருகியபோது பங்கு சுருங்கிற்று. படித்த இளைஞர்கள் பெங்களூருக்கும் டெல்லிக்கும், வாய்ப்புக் கிடைத்தால் வெளிநாடுகளுக்கும் சென்றனர். 2014ல் மத்திய அரசு வெளியிட்ட திபெத்தியர் மறுவாழ்வுக் கொள்கை, குத்தகை ஆவணம், வணிக உரிமம், தகுதிக்கேற்ற தனியார் வேலை ஆகியவற்றில் மாநிலங்கள் பின்பற்றத்தக்க பொதுவான நெறிகளை வகுத்தது. குடியேறி அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகே அது வந்தது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

திபெத்தியர் மறுவாழ்வுக்கு அரசுக்குத் துணைபுரிய 1968ல் பெங்களூரில் தோன்றிய அமைப்பு மைராடா. அப்பணி பெரும்பாலும் நிறைவேறியபின் அது கர்நாடக, தமிழ்நாட்டு வறட்சிப் பகுதிக் கிராமங்களுக்குத் திரும்பியது. 1980களில் சிறு சிறு குழுக்களாகக் கூடிச் சேமித்துத் தமக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் முறையை வளர்த்தது. 1987ல் நபார்டு வங்கி இம்முயற்சிக்கு நிதியளித்தது. 1992ல் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று நாடெங்கும் அறியப்பட்ட சுய உதவிக் குழு இயக்கத்தின் வேர்களில் ஒன்று இவ்வாறு அகதிகள் மறுவாழ்வுப் பணி வரை செல்கிறது.

பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்

தமிழ்நாட்டின் அனுபவத்தை நோக்குமுன் ஒரு வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும். பர்மாவிலிருந்தும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் அகதிகள். மண்டபம் முகாமின் ஒரே கூரையின்கீழ் இரு வகையினரும் வெவ்வேறு காலங்களில் தங்கியுள்ளனர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் வேறு வேறு.

பர்மாவில் 1960களின் முற்பகுதியில் வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலர் கடை வைத்தும் கணக்கு எழுதியும் பழகியவர்கள். 1960களின் பிற்பகுதியில் சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தை ஒட்டிய சாலையோரத்தில் அவர்களுக்குச் சிறு கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுவே பர்மா பஜார். கொடுக்கப்பட்டது ஒரு சில அடி இடம்தான். வாங்கவும் விற்கவும் தெரிந்த கைகளில் அது போதுமானதாயிற்று. பக்கத்திலேயே அத்தோ விற்கும் தள்ளுவண்டிகளும் முளைத்தன. சென்னைவாசிகள் இன்றும் அவற்றைத் தேடிச் செல்கின்றனர்.

இலங்கையிலிருந்து வந்தவர்களின் நிலை வேறு. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத்தில் நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974ல் முடிவாயிற்று. 1980களின் நடுப்பகுதிக்குள், பிறந்த குழந்தைகளையும் சேர்த்து, ஏறத்தாழ 4.6 லட்சம் பேர் இந்தியா வந்தனர். மிகப் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். கொழுந்து பறித்தல், கவாத்து வெட்டுதல், தேயிலைத் தொழிற்சாலை வேலை ஆகியவற்றில் மூன்று நான்கு தலைமுறைத் தேர்ச்சி அவர்களுடையது. தோட்ட லயத்தில் பிறந்து, தோட்டத்துக் கடையில் பற்று வைத்து, மாதச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வாழ்க்கையில் வளர்ந்தவர்கள் அவர்கள்.

கண்டியில் இருந்த இந்திய அலுவலகம் புறப்படுமுன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடும்ப அட்டை வழங்கியது. அக்குடும்பம் எந்த மாவட்டத்துக்குச் செல்ல வேண்டும், எந்தத் திட்டத்தின் கீழ் உதவி பெறும் என்பன அதில் குறிக்கப்பட்டிருந்தன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டு, குறித்த மாவட்டத்துக்குப் போக வேண்டும். தோட்ட வேலை, நூற்பாலை வேலை, நிலக் குடியேற்றம், தொழில் கடன் எனத் திட்டங்கள் பல இருந்தன. மிகப் பலருடைய அட்டையில் தொழில் கடன் என்றே எழுதப்பட்டது.

இதன் காரணத்தை நிர்வாகத்தில் அனுபவமுள்ளோர் எளிதில் ஊகிக்கலாம். ஒரு தேயிலைத் தோட்டத்தை உருவாக்கக் காடு திருத்தி, நாற்று நட்டு, கொழுந்து பறிக்கும் பருவம் வரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கடன் வழங்க ஒரு கையெழுத்துப் போதும். ஒதுக்கிய தொகை நிதியாண்டுக்குள் செலவாகிவிடும். மறுவாழ்வு பெற்ற குடும்பங்களின் எண்ணிக்கையும் அறிக்கையில் ஏறிவிடும். ஆனால் சில ஆயிரம் ரூபாயைப் பெற்றுக்கொண்டு திருச்சி மாவட்டத்திலோ சேலம் மாவட்டத்திலோ பெட்டிக்கடை வைத்த முன்னாள் கொழுந்து பறிப்பவருக்கு வாங்குமிடம் தெரியாது, விற்குமிடம் தெரியாது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதும் தெரியாது. ஊரில் உறவு இல்லை. தவணை தவறியது; பின்னர் கடையும் போயிற்று. கடன் தொகை அவர் கைக்கு முழுமையாக வந்து சேராமல் இடைத்தரகர்களிடம் சிக்கியதும் உண்டு.

பர்மா பஜாரின் வணிகருக்கும் இத்தோட்டத் தொழிலாளிக்கும் உழைப்பில் வேறுபாடு இல்லை, அறிவிலும் இல்லை. ஒருவருக்குத் தெரிந்த தொழிலுக்கு இடம் கொடுக்கப்பட்டது. மற்றவருக்குத் தெரியாத தொழிலுக்குப் பணம் கொடுக்கப்பட்டது.

கடை இழந்தவர்கள் தமக்குத் தெரிந்த மலைகளைத் தேடிச் சென்றனர். கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளுக்கு அரசு அனுப்பாமலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சென்று சேர்ந்தன. அங்கே அவர்கள் தற்காலிகக் கூலிகள். கொடைக்கானல் மலைப்பகுதியில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் முன்பணம் வாங்கிக் கொத்தடிமைகளாகச் சிக்கிய குடும்பங்களின் நிலை 1980களில் வெளிச்சத்துக்கு வந்தது. குடியுரிமை இருந்தது, நடமாடும் உரிமையும் இருந்தது. விலை பேசும் வலிமை இல்லாதபோது அவ்வுரிமைகளும் உதவவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேயிலையும் ரப்பரும்

தெரிந்த தொழிலையே அளித்த திட்டங்கள் வேறு விதமாக அமைந்தன. நீலகிரியில் 1968ல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, 1976ல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக மாற்றப்பட்டது. குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட 'டான்டீ' கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, வால்பாறை ஆகிய இடங்களில் தாயகம் திரும்பியோருக்கு நிலையான வேலையும் குடியிருப்பும் அளித்தது. கேரளத்தில் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976ல் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஏற்பட்டது. கர்நாடகத்தில் தென்கன்னட மாவட்டத்தின் சுள்ளியா, புத்தூர் வட்டங்களில் ரப்பர்த் தோட்டங்களில் பல குடும்பங்கள் அமர்த்தப்பட்டன. பால் வெட்டும் வேலை தேயிலையிலிருந்து வேறானது என்றாலும் தோட்ட வாழ்க்கையின் ஒழுங்கு பழகியதே. கன்னடமும் துளுவும் வழங்கும் ஊரில் தமிழ்ப் பிள்ளைகள் படித்து வளர்ந்தனர். சாதிச் சான்றிதழ் போன்ற ஆவணங்களைப் பெறுவதில் நெடுங்காலம் இடர்ப்பட்டனர்.

1969ல் தாயகம் திரும்பியோருக்கென்றே ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கப்பட்டது. ரெப்கோ வங்கி என்று அறியப்படும் இது தென் மாநிலங்களில் இன்றும் செயல்பட்டு வருகிறது.

தோட்டத் திட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைப் பிற்கால நிகழ்ச்சிகள் காட்டின. லயத்து வீடு வேலையோடு இணைந்தது. ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற நிலை முதியவர்களை அச்சுறுத்தியது. தேயிலை விலை வீழ்ச்சியாலும் ஆள் பற்றாக்குறையாலும் டான்டீ நட்டத்தில் இயங்கி, 2022ல் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க முடிவாயிற்று. மறுவாழ்வுக்காக நட்ட தோட்டம் போனால் மறுவாழ்வு பெற்றவர்கள் எங்கே செல்வது என்று தொழிலாளர்கள் போராடினர். பிள்ளைகளோ முன்பே கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போய்விட்டனர். ஒரே முதலாளியோடும் ஒரே பயிரோடும் பிணைந்த பாதுகாப்பு ஒரு தலைமுறைக்குத்தான் தாங்கிற்று.

முகாமும் தொழிலும்

1983 சூலைக் கலவரத்துக்குப் பின் தொடங்கி 2012 வரை பல கட்டங்களாக இலங்கையிலிருந்து வந்த அகதிகள் 3,04,269 பேர். பலர் திரும்பிச் சென்றனர். சிலர் வேறு நாடுகளுக்குச் சென்றனர். 2021ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையப் பதிவுடன் சுமார் 34,000 பேரும் வாழ்ந்தனர்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. ஆகவே அகதி இங்கே சட்டப்படி ஓர் அயல்நாட்டவர். எனினும் உணவுப் பொருள், உதவித்தொகை, இலவசக் கல்வி, மருத்துவம் ஆகியவற்றில் தமிழ்நாடு காட்டிய தாராளம், உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பல நாடுகள் காட்டியதைவிடக் குறைந்ததன்று. முகாம்வாசிகள் கூலி வேலைக்குச் செல்வதை எவரும் தடுப்பதும் இல்லை. 1991க்குப் பின் கட்டுப்பாடுகள் கடுமையாகிப் பின்னர் படிப்படியாகத் தளர்ந்தன. 1984ல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அகதிகளைக் கொண்டே கல்வி, பயிற்சிப் பணிகளை நடத்திற்று.

இத்தனைக்கும் பிறகு இடர் எங்கே? படித்துப் பட்டம் பெற்ற முகாம் இளைஞரிடம் அதைக் காணலாம். பொறியியல் படித்தவருக்கு அரசு வேலை கிடையாது. தனியார் நிறுவனம் நேர்முகத் தேர்வில் தேறியவரிடம் கடவுச்சீட்டு கேட்கிறது. முகாம் முகவரியைப் பார்த்துத் தயங்குகிறது. அவர் மீண்டும் தந்தையின் வர்ணத் தூரிகையையே எடுக்கிறார். தம்பி, இதைப் பார்த்துப் பள்ளியோடு படிப்பை நிறுத்துகிறான். கல்விக்கு அரசு செய்த செலவு முழுவதும் இந்த ஓர் இடத்தில் வீணாகிறது. பொருளாதார நோக்கில் இதைவிடப் பெரிய விரயத்தைக் காண்பது அரிது.

முகாம்களில் உள்ளவர்களில் சுமார் 29,500 பேர் இந்திய வம்சாவளியினர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்கள் 1964 ஒப்பந்தத்தின் கீழ் வந்திருக்கக்கூடிய மலையகத் தமிழர்கள். 1984ல் தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் நின்றது. அதற்குமுன் சட்டப்படி வந்து சேர்ந்த உறவினர் குடிமகனாகவும், பின்னர் படகில் வந்தவர் அகதியாகவும் ஆனார்கள். இரத்த உறவும் தொழிலும் ஒன்றே. வந்த ஆண்டும் வந்த கலமும்தான் வேறு. இவ்வகையினர் சிலரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019ல் உத்தரவிட்டது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான திட்டங்களை அறிவித்தது. 7,469 புதிய வீடுகள், உயர்த்தப்பட்ட உதவித்தொகை, சுய உதவிக் குழுக்களுக்குச் சுழல் நிதி, இளைஞருக்குத் திறன் பயிற்சி ஆகியன இதில் அடங்கும். முகாமின் பெயரும் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, உரிய பயண ஆவணம் இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து மத்திய அரசு விலக்களித்தது. குற்றவாளி என்ற அச்சம் நீங்கியதே பெரிது. குடியுரிமைக்கோ நீண்ட கால விசாவுக்கோ இது தானாக வழி வகுப்பதன்று.

பிற நாடுகளில்

1980களில் சுவிட்சர்லாந்துக்குச் சென்ற ஈழத் தமிழர்கள் உணவு விடுதிகளின் சமையலறைகளில் பாத்திரம் கழுவுவோராகத் தொடங்கினர். தஞ்சக் கோரிக்கை முடிவாகாத நிலையிலேயே, சில கட்டுப்பாடுகளுடன், அவர்கள் வேலை செய்ய முடிந்தது. காலப்போக்கில் சமையலராயினர், பிள்ளைகள் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பணியில் அமர்ந்தனர். அவர்கள் தொடக்கத்தில் பெற்றதும் அடிமட்ட வேலைதான். ஆனால் அந்த வேலைக்கு ஒப்பந்தமும் காப்பீடும், மேலே ஏறப் படியும் இருந்தன.

உகாண்டா, 2006ஆம் ஆண்டின் சட்டப்படி, அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் நடமாடவும் உரிமை அளித்து, குடியேற்றங்களில் பயிரிட நிலத்துண்டும் வழங்கிற்று. வருவோர் பெருகப் பெருக நிலத்துண்டு சிறுத்தது. உரிமை இருந்தும் நிலம் போதவில்லை. ஜோர்டான், 2016ல் உலக நாடுகளுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, சிரிய அகதிகளுக்கு 2,00,000 வேலை அனுமதிகள் வரை வழங்க ஒப்பியது. தொடக்கத்தில் அந்த அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருந்ததால் விவசாயத் தொழிலாளரும் கட்டடத் தொழிலாளரும் அதை நாடவில்லை. அவர்கள் வாரத்துக்கு ஓர் இடத்தில் வேலை பார்ப்பவர்கள். பின்னர் கூட்டுறவுச் சங்கங்களும் தொழிற்சங்கமும் அனுமதியைப் பெற்றுத் தர வகை செய்யப்பட்டபின் நிலை சீரடைந்தது. அத்திபெலே வட்டாரத்துக்கு மிகவும் பொருந்துவது இந்தக் கடைசி உதாரணமே.

எல்லையோரத்தில் செய்யத்தக்கவை

வர்ணம் பூசுவோருக்கு முதலாளி ஒருவர் அல்லர். இம்மாதம் பொம்மசந்திராவில், அடுத்த மாதம் ஒசூரில், அதற்கடுத்து அத்திபெலேயில் எனக் கட்டடங்கள் மாறிக்கொண்டே இருக்கும். முகாம் தொழிலாளர்கள் தனித்தனி ஆட்களாக மேஸ்திரியின் பின்னால் செல்வதைவிட, ஒரு தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து வேலையை எடுத்துச் செய்தால், பரீதாபாத்தில் செய்ததைப் போல, இடைத்தரகு மிஞ்சும். வேலையிடத்தையும் ஆட்களின் பெயரையும் சங்கமே மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவிக்கலாம். தணிக்கைக்கும் அது போதுமானது. ஒவ்வொருவரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டியதில்லை. பாதுகாப்புக் கருதி அரசுக்குத் தகவல் வேண்டும் என்பது நியாயம். அத்தகவலைத் தொழிலாளியின் நாள்கூலி இழப்பில்தான் பெற வேண்டும் என்பதில்லை.

எல்லைக்கு இருபுறமும் இரு மாநில அரசுகள் இருப்பதும் கருதத்தக்கது. ஒசூரும் ஆனேக்கலும் தொழிலைப் பொறுத்தவரை ஒரே வட்டாரம். நிர்வாகத்தைப் பொறுத்தவரை இரண்டு. ஒரு மாநிலம் அளிக்கும் அனுமதிச் சீட்டை மறுமாநிலத்தின் காவல் நிலையமும் தொழிற்சாலை மேலாளரும் கண்டவுடன் ஏற்கும்படி மத்திய உள்துறை ஒரே படிவத்தை வகுத்தால், அதற்கு ஆகும் செலவு காகிதச் செலவே. திபெத்தியர்களின் பதிவுச் சான்றிதழ் பல மாநிலங்களில் செல்லுபடியாவது இதற்கு முன்மாதிரி.

பெண்களின் நிலைக்கும் தனிக் கவனம் வேண்டும். ஆண்கள் தொலைவிடத்து வேலைக்குச் செல்லும்போது முகாமில் தங்கும் பெண்களுக்குத் தையலும் ஊதுபத்தி உருட்டுதலும் கற்பிக்கப்படுகின்றன. பயிற்சி முடியும் நாளில் தையல் இயந்திரம் கிடைக்கிறது. தைக்கத் துணி கொடுப்பவர் யாரும் கிடைப்பதில்லை. இதற்கு மாற்று ஒன்று ஒசூரிலேயே இருக்கிறது. டைட்டன் கைக்கடிகாரத் தொழிற்சாலைக்கு வேண்டிய பட்டைகளை இணைத்தல் போன்ற துணைப்பணிகளை, கிராமத்து ஏழைப் பெண்களே பங்குதாரராக இருந்து நடத்தும் 'மீடோ' என்ற நிறுவனம் மூலம் செய்விக்கும் ஏற்பாட்டை மைராடா உருவாக்கித் தந்தது. அங்கே கொள்முதல் செய்பவர் முதலில் வந்தார். பயிற்சி அதற்கேற்ப அமைந்தது. முகாம்களின் சுய உதவிக் குழுக்கள் இதே முறையில் அருகிலுள்ள ஆலைகளோடு இணைக்கப்படுமானால், வேலை முகாமின் வாசலுக்கே வரும். அதற்குத் தேவைப்படுவது குழுவின் பெயரில் பதிவும், வங்கிக் கணக்கும், ஆலையோடு எழுத்து மூலமான ஒப்பந்தமும். பட்டம் பெற்று வர்ணம் பூசப் போன அந்த இளைஞருக்கும், இத்தகைய நிறுவனத்தின் கணக்கையும் தரக்கட்டுப்பாட்டையும் பார்க்கும் முதல் வேலை அங்கே கிடைக்கக்கூடும்.